பத்து மாதத்தில் ஏ லெவல் கணிதம்

2022 ஒக்டோபரில், பாடசாலை அரைத்தவணை விடுமுறையின்போது, குசினி மேசையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு முதலாண்டுப் பாடத்துக்கான ஏஎஸ் தாள் ஒன்றை எழுதினேன். இரண்டு மணித்தியாலம், 100 புள்ளி. நான் எடுத்தது 31.

அதற்கு முன் எட்டுக் கிழமை படித்திருந்தேன். தூய கணிதத்தில் முதலாண்டுப் புத்தகத்தை ஏறத்தாழ முடித்தும் இருந்தேன். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் அதன் பயிற்சிகளைச் செய்து, சரியென்று அடையாளமும் போட்டு வைத்திருந்தேன். அப்படியிருந்தும் மடக்கைக் கேள்வி ஒன்றில் விதியே நினைவுக்கு வரவில்லை. அதே விதியில் செப்டெம்பரில் இருபது கணக்குச் செய்த பக்கம் என் கொப்பியில் இருந்தது. அன்று பின்னேரம் கடையில் வேலை நேரம் முழுக்க அந்தப் பக்கம்தான் கண்ணுக்குள் நின்றது.

இங்கிலாந்தில் ஏ லெவல் கணிதத்தைப் பாடசாலைகள் இரண்டு வருடத்தில் நடத்துகின்றன. அதை நான் ஒரு கல்வியாண்டில், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வேண்டியிருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதியது வர்த்தகப் பிரிவில். எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவு இருக்கவில்லை, பட்டணத்துக்குப் போய்ப் படிக்க வீட்டில் வசதி இல்லை. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ‘ஏ’ எடுத்த பிள்ளை பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஒரு சமன்பாட்டைக்கூடத் தொடவில்லை. லண்டனுக்கு வந்து, மகன் முழுநாள் பாடசாலை தொடங்கிய வருடம், புள்ளிவிபரவியல் படிக்கலாமா என்று ஒரு பல்கலைக்கழகத்திடம் விசாரித்தேன். உயர்தரப் பெறுபேறு போதும், ஆனால் கணிதத்தில் ஏ லெவல் ‘பி’ வேண்டும் என்றார்கள். மாலை வகுப்பு நடத்தும் கல்லூரியில் அது இரண்டு வருடம். அதுவும் என் வேலை நேரமும் ஒன்றோடொன்று மோதின. பகலில், மகன் பாடசாலையில் இருக்கும் ஐந்து மணித்தியாலம்தான் எனக்கு என்று இருந்தது.

முதலில் கணக்குப் பார்த்தேன். ஒரு ஏ லெவல் பாடத்துக்கு வழிகாட்டலுடனான கற்றல் நேரம் 360 மணித்தியாலம் என்று வகுத்திருக்கிறார்கள். ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஜூன் முதல் தாள் வரை நாற்பது கிழமை. கிழமைக்கு ஒன்பது மணித்தியாலம் என்றால் 360 வந்துவிடும். நான் பதினான்கு வரை செலவிட முடியும். தாளிலே அது வசதியாகத் தெரிந்தது. ஆனால் இரண்டு வருடம் படிக்கும் பிள்ளைக்கு அந்த 360 மணிக்கு வெளியே வேறொன்றும் கிடைக்கிறது. மறந்து, திரும்பப் பார்த்து, வேறொரு அத்தியாயத்தில் அதே விதியை மறுபடி சந்தித்து, மெல்ல மெல்ல அது கைக்கு வருகிற அவகாசம். நான் சுருக்கியது அந்த அவகாசத்தை. 31 புள்ளி அதைத்தான் எனக்குச் சொன்னது.

ஆகவே நவம்பரிலிருந்து நாளின் முதல் நாற்பது நிமிடம் பழைய பாடத்துக்கு என்று ஒதுக்கினேன். புதிய அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன், நேற்று படித்ததில் ஒரு கேள்வி, போன கிழமையில் ஒன்று, ஒரு மாதத்துக்கு முந்தியதில் இரண்டு. புத்தகத்தைப் பார்க்காமல், எந்த அத்தியாயத்துக் கேள்வி என்று தலைப்பும் பார்க்காமல் செய்ய வேண்டும். அத்தியாயத்தின் முடிவில் இருக்கும் பயிற்சியில் எந்த முறையைப் பாவிப்பது என்பதைத் தலைப்பே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் அந்தத் தலைப்பு இல்லை. ஒரு தொகையீட்டைப் பார்த்ததும் இது பிரதியீடா, பகுதிகளாகத் தொகையிடுவதா, பகுதிப் பின்னமா என்று தெரிவுசெய்வதுதான் பாதி வேலை. இதனால் புதிய பாடம் மெதுவாகப் போனது. நத்தாருக்குள் முடிப்பதாக இருந்த இடத்தை ஜனவரி நடுப்பகுதியில்தான் தொட்டேன். அந்த மூன்று கிழமைத் தாமதம் நான் அந்த வருடத்தில் செய்த மிக நல்ல காரியம்.

இன்னொரு மூன்று கிழமையை வீணாக்கியதையும் சொல்ல வேண்டும். உறவுக்காரப் பிள்ளை ஒருவர் கொழும்பில் ஏ லெவல் படித்த புத்தகங்களைத் தந்தார். அவற்றோடுதான் தொடங்கினேன். அவை எடெக்ஸெல் என்ற பரீட்சைச் சபையின் சர்வதேச ஏ லெவல் புத்தகங்கள். அது அலகு அலகாக எழுதும் பரீட்சை, ஐக்கிய இராச்சியத்துக்குள் அதை எழுத முடியாது. இங்கே எழுதும் எடெக்ஸெல் பரீட்சை மூன்று தாள். ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம், 100 புள்ளி. முதல் இரண்டும் தூய கணிதம், மூன்றாவதில் பாதி புள்ளிவிபரவியல், பாதி பொறியியக்கம். மூன்றையும் ஒரே ஜூனில் எழுதியாக வேண்டும். சறுக்கினால் அடுத்த ஜூன் வரை காத்திருந்து மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். எந்தப் பரீட்சைச் சபை, எந்தப் பாடத்திட்டக் குறியீடு என்பதை உறுதிப்படுத்திய பிறகே ஒரு புத்தகத்தையாவது வாங்குங்கள்.

எனக்கு ஆசிரியர் என்று ஒருவர் கிடைத்தது தற்செயல்தான். சனிக்கிழமைகளில் மகனைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிப் போவேன். அங்கே பேரப்பிள்ளைகளை விடவரும் ஒரு மாஸ்டர், ஊரில் முப்பது வருடம் உயர்தர இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் கொப்பியோடு போய், விடை பிழைக்கிறது, எங்கே பிழை என்று பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் கொப்பியை வாங்கவே இல்லை.

“பிள்ளை, விடையைக் காட்டாதையும். எந்த வரியில மாட்டுப்பட்டனீர் எண்டு சொல்லும்.”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கிழமை சொல்லத் தெரிந்துகொண்டு வரும்படி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஒரு பிழைக் கொப்பி வைத்தேன். கணக்கை முழுதாகப் பார்த்தெழுதுவதில்லை. மாட்டுப்பட்ட வரி, அங்கே நான் நினைத்தது, நினைத்திருக்க வேண்டியது, இவ்வளவும்தான். மார்ச் மாதம் அதை முதலிலிருந்து வாசித்தபோது எனக்கே ஆச்சரியம். தொகையீடும் காவியும் என்னை வீழ்த்துகின்றன என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். கொப்பியில் பாதிக்கு மேல் அட்சரகணிதப் பிழைகள். அடைப்புக்குறிக்கு முன் நின்ற சய அடையாளம் உள்ளே போகாமல் நின்றது, பின்னத்தின் கீழ் இருந்த கூட்டலைத் தனித்தனியாகப் பிரித்தது, வர்க்கமூலம் எடுத்தபோது எதிர்ப் பெறுமானத்தை விட்டது. சாதாரண தரத்தில் தெரிந்திருந்தவை, பத்து வருடத்தில் துருப்பிடித்தவை.

குறுகிய காலத்தில் எழுத நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். முதல் நான்கு கிழமையையும் சுட்டிகள், சேடுகள் (மூலக்குறியோடு விடும் எண்கள்), இருபடிச் சமன்பாடு, அட்சரகணிதப் பின்னம் ஆகியவற்றுக்கே கொடுங்கள். நுண்கணிதத்துக்கு ஓட வேண்டாம். இதற்கு ஒரு நல்ல சுரங்கம் இருக்கிறது. 2017க்கு முந்திய பழைய பாடத்திட்டத்தில் ‘சி1’ என்ற தாள் கணிப்பான் இல்லாமல் எழுதப்பட்டது. அந்தப் பழைய தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நாளைக்கு அரைத் தாள் வீதம் நான் செய்தது ஏப்ரலில்தான். செப்டெம்பரில் செய்திருக்க வேண்டும். மாஸ்டருக்குக் கணிப்பானே பிடிக்காது. இலங்கையில் இணைந்த கணிதப் பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக விடமாட்டார்கள். “கை பழகினாத்தான் கண் பிழையைப் பிடிக்கும்” என்பார். அதற்காக நான் கணிப்பானை ஒதுக்கவில்லை. இங்கே புள்ளிவிபரவியலில் வரும் செவ்வன் பரம்பலுக்கும் ஈருறுப்புப் பரம்பலுக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் முழுச் செய்கையும் காட்ட வேண்டும், கணிப்பானை மட்டும் நம்பிய விடை ஏற்கப்படாது என்று எச்சரித்துக்கொண்டு வரும் கேள்விகள் தாளில் உண்டு. அங்கே கணிப்பான் தந்த சரியான விடைக்கும் புள்ளி போய்விடும்.

கடந்தகால வினாத்தாள்கள் பற்றி ஒரு விடயம். இப்போதைய பாடத்திட்டத்தின் முதல் பரீட்சை 2018இல்தான் நடந்தது. கொவிட் காரணமாக 2020, 2021 கோடைப் பரீட்சைகள் நடக்கவில்லை, அந்த இரு ஆண்டும் ஒக்டோபரில் தாள்கள் வந்தன. ஆக 2023இல் எழுதிய எனக்குக் கிடைத்தது ஐந்து தொகுதி, பதினைந்து தாள். அவை தீர்ந்தால் தீர்ந்ததுதான். 2018, 2019 தாள்களை ஜனவரியிலிருந்து தலைப்பு வாரியாகப் பிரித்துச் செய்தேன். மற்ற மூன்று தொகுதியையும் திறந்தே பார்க்காமல் வைத்து, ஏப்ரல் கடைசியிலிருந்து கிழமைக்கு இரண்டு வீதம், காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு எழுதினேன். தலைப்புப் பயிற்சிக்குப் பழைய பாடத்திட்டத்தின் சி3, சி4 (தூய கணிதம்), எம்1 (பொறியியக்கம்) தாள்கள் தாராளமாக இருக்கின்றன. எம்1 தாளில் வரும் உந்தமும் மோதலும் இப்போதைய கணிதப் பாடத்தில் இல்லை, அவற்றைத் தாண்டிப் போகலாம். எறியமும் ஏணிக் கணக்கும் வேண்டுமென்றால் எம்2 தாளில் தேட வேண்டும். விளங்காத தலைப்புக்கு டிஎல்மேத்ஸ், எக்ஸாம்சொல்யூஷன்ஸ் காணொளிகள் போதுமாயிருந்தன. ஒன்று மட்டும்: காணொளி பார்ப்பதைப் படிப்பு நேரமாக எண்ணாதீர்கள். காணொளியில் இருப்பவர் செய்யும்போது எல்லாம் விளங்கும்.

இனி மொழி. தமிழ் மொழிமூலம் படித்துவந்தவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டும். எனக்கு வகையீடு, தொகையீடு, ஆரையன், காவி, உராய்வு எல்லாம் தமிழில் கேள்விப்பட்ட சொற்கள். ஆங்கிலப் பெயர்களை இரண்டு கிழமையில் பழகிக்கொண்டேன், பட்டியல் போட்டு ஒட்டினால் போதும். என்னை மாட்டிவிட்டவை சின்னச் சொற்கள். ‘ஹென்ஸ்’ என்ற சொல்லை நான் ‘ஆகவே’ என்று வாசித்துக்கொண்டிருந்தேன், ஏதோ வசனத்தை இணைக்கிற சொல் என்று. ஒரு கேள்வியின் முதற்பகுதி இப்படி: எக்ஸ் கனம் சய 7 எக்ஸ் சக 6 என்ற கோவைக்கு எக்ஸ் சய 2 ஒரு காரணி எனக் காட்டி, முழுதாகக் காரணிப்படுத்துக. செய்தேன். எக்ஸ் சய 1, எக்ஸ் சய 2, எக்ஸ் சக 3 என்று மூன்று காரணி வந்தது. இரண்டாம் பகுதி ‘ஹென்ஸ்’ என்று தொடங்கி, அதே கோவையில் எக்ஸ் இருந்த இடத்தில் ‘ஈ’யின் அடுக்கு ‘வை’ (y) என்று போட்டுச் சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னது. நான் முதற்பகுதியை மறந்துவிட்டு, புதிதாக மடக்கை எடுத்துப் பதினைந்து நிமிடம் போராடினேன். மாஸ்டரிடம் காட்டியபோது அவர் ஒரு சொல்தான் சொன்னார்: “இதிலிருந்து.”

ஊர்த் தாள்களில் அப்படித்தான் இருக்கும். ‘எனக் காட்டுக. இதிலிருந்து தீர்க்க.’ ஹென்ஸ் என்பது ஒரு கட்டளை. மேலே நீ பெற்றதைக் கையில் எடு, வேறு வழி போகாதே என்று அர்த்தம். ‘ஈ’யின் அடுக்கு ‘வை’ என்ற அந்தக் கோவையின் பெறுமானம் 1 அல்லது 2 அல்லது சய 3. கடைசி முடியாது, அடுக்குக்குறிச் சார்பு எதிர்ப் பெறுமானம் எடுக்காது. விடை பூச்சியமும் 2இன் இயற்கை மடக்கையும். மூன்று வரி. அன்றே கட்டளைச் சொற்களுக்கு ஒரு பக்கம் தொடங்கி, எல்லாவற்றையும் ஊர்த் தாளின் தமிழில் எழுதினேன். ‘ஷோ தட்’ என்றால் எனக் காட்டுக, விடை ஏற்கெனவே தந்திருக்கிறது, ஆகவே புள்ளி முழுவதும் இடைவரிகளுக்கு. ‘எக்ஸாக்ட்’ என்றால் தசமத்துக்கு மாற்றாதே, சேடாகவோ மடக்கையாகவோ விடு. ‘டிடியூஸ்’ என்றால் உய்த்தறிக, ஒரு வரியில் வர வேண்டியது, அரைப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தால் வழி மாறிவிட்டாய். இந்த ஒரு பக்கம் எனக்கு எத்தனையோ அத்தியாயங்களைவிடக் கூடுதலான புள்ளி தந்தது என்றே நினைக்கிறேன்.

புள்ளிவிபரவியலில் வரும் கருதுகோள் சோதனைகளிலும் இதே மொழிச் சிக்கல். கணக்குச் சரியாக வரும், முடிவை எழுதத் தெரியாமல் கடைசிப் புள்ளி போகும். ‘பூச்சியக் கருதுகோளை நிராகரிக்கிறேன்’ என்பதோடு நிறுத்தக்கூடாது. கேள்வியில் பேருந்துத் தாமதம் என்றால் பேருந்துத் தாமதம் பற்றி ஒரு வசனம், ‘போதிய ஆதாரம் இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்று, நிரூபித்துவிட்டதாகச் சொல்லாமல் எழுத வேண்டும். நாலைந்து மாதிரி வசனங்களை ஆங்கிலத்தில் மனப்பாடமாக்கினேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

புள்ளிவிபரவியலைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நானும் தள்ளினேன், பங்குனி வரை. 300 புள்ளியில் 50 அதில் இருக்கிறது, தூய கணிதத்தின் கடினமான ஐம்பதை எடுப்பதைவிட அதை எடுப்பது இலகு. எடெக்ஸெல் ஒரு பெரிய தரவுத் தொகுதியையும் முன்கூட்டியே தருகிறது. 1987, 2015 ஆகிய இரு ஆண்டுகளின் மே முதல் ஒக்டோபர் வரையான வானிலைப் பதிவுகள். பிரித்தானியாவில் ஐந்து நிலையங்கள், வெளியே பெய்ஜிங், ஜக்சன்வில், பேர்த். இலக்கங்களைப் பாடமாக்கத் தேவையில்லை. மழைவீழ்ச்சியில் ‘ட்ரேஸ்’ என்று குறித்திருந்தால் 0.05 மில்லிமீற்றரிலும் குறைவு, முகில் மூட்டத்தை எட்டுப் பங்கில் அளப்பார்கள், பேர்த் தென் அரைக்கோளத்தில் இருப்பதால் அங்கே ஜூலை குளிர்காலம். இப்படி ஒரு தாளில் அடங்கும் விடயங்கள் தெரிந்தால் போதும். பொறியியக்கத்திலும் இப்படிச் சில இலகுவான புள்ளிகள் உண்டு. புவியீர்ப்பு ஆர்முடுகலை 9.8 என்று பாவித்தால் விடையை இரண்டு அல்லது மூன்று பொருளுடை எண்களில் கொடுக்க வேண்டும். கப்பி ஒப்பமானது என்றால் இழை இரு பக்கமும் ஒரே இழுவை, இழை நீளா இழை என்றால் இரு துணிக்கைக்கும் ஒரே ஆர்முடுகல். எது எதற்கு என்று மாற்றி எழுதிப் புள்ளி இழந்தது ஒரு தடவை மட்டும் இல்லை.

கணிதத்துக்கு வெளியே ஒரு வேலை இருக்கிறது, அதைப் பிந்தினால் படித்ததெல்லாம் ஒரு வருடம் பின்னே போகும். தனிப்பட்ட பரீட்சார்த்தியை ஏற்கும் பரீட்சை நிலையத்தை நீங்களேதான் தேட வேண்டும். நான் நவம்பரில் கேட்டு எழுதிய முதல் நிலையம் இடமிருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு, ஜனவரியில் இந்த வருடம் வெளியாட்களை எடுப்பதில்லை என்றது. ஜூன் பரீட்சைக்கான பதிவு பெப்ரவரிப் பிற்பகுதியில் முடிகிறது, அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். இரண்டு கிழமை அலைந்து, வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பயணத் தூரத்தில் ஒரு நிலையத்தில் பதிந்தேன். செப்டெம்பரிலேயே இரண்டு மூன்று இடம் கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கி, முடிந்தால் உடனே பணமும் கட்டிவிடுங்கள். எங்கள் ஆட்களுக்கு இன்னொன்று: கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னே, எங்கள் பெயர் பின்னே, கலியாணத்துக்குப் பிறகு வங்கியில் வேறு பெயர். பரீட்சைப் பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ளதும் ஒத்திருக்க வேண்டும். நான் கடவுச்சீட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்தேன்.

எல்லாருக்கும் ஒரு வருடம் சரிவரும் என்று நான் சொல்ல மாட்டேன். மேல்நிலைக் கணிதம் என்ற தனிப் பாடத்தையும் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சில பாடசாலைகள் கணிதத்தை முதலாண்டிலேயே முடித்துவிடுகின்றன, ஆனால் அவர்களுக்குக் கிழமையில் இரு மடங்கு வகுப்பும் பக்கத்தில் ஆசிரியரும் உண்டு. ‘ஏ ஸ்டார்’ கேட்கும் துறைக்குப் போகிறவர், அல்லது அட்சரகணிதம் இன்னும் கையில் இல்லாதவர், இரண்டு வருடம் எடுப்பதே நல்லது. தர எல்லைகளும் ஒவ்வொரு வருடமும் மாறுகின்றன. 2019இல் எடெக்ஸெல்லில் 300க்கு 165 எடுத்தவருக்கு ‘ஏ’ கிடைத்தது. அதை வைத்து நம்பிக்கொண்டிருக்காதீர்கள், மற்ற வருடங்களில் எல்லை அதைவிட மேலே போயிருக்கிறது.

முதல் தாளன்று நிலையத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே போய்விட்டேன். மண்டபத்தில் எல்லாரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள், ஒரு பிள்ளை என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து இருக்கை எது என்று கேட்டது. கணிப்பான் கோணத்தைப் பாகையில் அல்லாமல் ஆரையனில் எடுக்கும்படி இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். சைன் சார்பின் வகையீடு கோசைன் என்பது ஆரையனில் மட்டுமே உண்மை என்பதைப் பிழைக் கொப்பி எனக்கு இரண்டு தடவை படிப்பித்திருந்தது. இரண்டாம் தாளில் பரமானச் சமன்பாட்டுக் கேள்வியை விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் தாளில் ஏணி கவிழ்த்தது.

ஓகஸ்டில் பெறுபேறு வந்தது. ‘பி’. தொலைபேசியில் கணவரிடம் சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை, அவர்தான் அந்தப் பக்கம் இருந்து “காணும், காணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகம் தொடங்க ஐந்து கிழமை இருந்தது. வகையீட்டுச் சமன்பாடுகளும் பரமானத் தொகையீடும் நான் நேரமில்லாமல் அரைகுறையாகத் தாண்டியவை. முதற் பருவப் பாடநெறியைப் பார்த்தால் இரண்டாம் கிழமையே வகையீட்டுச் சமன்பாடு. பாட இடைவெளியோடு உள்ளே போகப் பயமாக இருந்தது. சனிக்கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு தமிழ்ப் பாடசாலைக்குப் போனேன். மாஸ்டர் பெறுபேறு கேட்டு, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, பிறகு வாங்கில் தள்ளி உட்கார்ந்து இடம் தந்தார். மாறிகளை வேறாக்கும் முதலாவது கணக்கை அன்று செய்யத் தொடங்கினோம்.